மூன்றாவது வரிக்கு ஒரு வட்டம்

வியாழன், காலை 8.40. சரிவுச் சாலையின் கடைசியில், மதிலில் மூக்கை நசுக்கிக்கொண்டு நின்றது இருபத்திரண்டு வயதுக் கார். உள்ளே இருந்தவர் இறந்துபோயிருந்தார். அச்சகத்தில் பிழை திருத்துபவர். சாலையில் டயர் தேய்ந்த தடமே இல்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வரவேண்டியதில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் வரவேண்டியிருந்தது.

9.30-க்குள் ஊரே ஒரே ஆளைக் கைகாட்டிவிட்டது. தெருமுனை மெக்கானிக். பிழை திருத்துபவர் இரண்டு வருடமாக அவரிடம் வண்டியை விடாமல், புத்தகத்தைப் பார்த்துத் தானே பழுதுபார்த்து வந்தார். கடுப்பான மெக்கானிக், “ஒருநாள் இந்த வண்டியோடயே போய்ச் சேரப்போற” என்று நாலு பேர் முன்னால் கத்தியிருந்தார். போதாக்குறைக்குப் புதன் மாலை அதே மெக்கானிக் வந்து பானட்டைத் திறந்திருக்கிறார்.

“அவன்தான் மேடம் ஏதோ பண்ணியிருக்கான்,” என்றாள் இறந்தவரின் மனைவி.

10.15. ஸ்டேஷன்.

“எதைத் தொட்டீங்க?”

“பேட்டரியை மட்டும்.”

“சண்டைக்காரன் வீட்டுக்கு எதுக்குப் போனீங்க?”

“வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு போன் பண்ணான். சண்டைன்னா என்ன, அவன் என் சிநேகிதன்தானே.”

சொல்லிவிட்டு மெக்கானிக் கிரீஸ் படிந்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரை விடவும் முடியாது, நம்பாமல் இருக்கவும் முடியாது.

11.20. இன்ஸ்பெக்டர் காரைக் குடைந்தார். குழாய் எதுவும் அறுபடவில்லை, ஒழுகவும் இல்லை. பிரேக் ஆயில் டப்பா விளிம்புவரை நிறைந்திருந்தது. அதன் மூடியில் இருந்த ரப்பர் மட்டும் உப்பிப்போய், மூடி சரியாக உட்காராமல் அடம்பிடித்தது. டேஷ்போர்டு அறைக்குள் ஒரு சின்ன பிரேக் ஆயில் டின். புதிது, சீல் உடைக்கப்படவில்லை.

12.05. இறந்தவர் வீட்டுக் கார் ஷெட். சுவரில் அழகான கையெழுத்தில் வேலைப் பட்டியல். வைப்பர் ரப்பர் மாற்ற வேண்டும். ஹாரன் வயர் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் ஊற்ற வேண்டும். பேட்டரி டெர்மினல் சுரண்ட வேண்டும். முடிந்த வேலைகளை அவர் நேர்க்கோடு போட்டு அடித்திருந்தார். மூன்றாவது வரிக்கு மட்டும் கோடு இல்லை, ஒரு வட்டம். கீழே பாதி காலியான இன்ஜின் ஆயில் கேன்.

தண்ணீர் கேட்டுச் சமையலறைக்குப் போன இன்ஸ்பெக்டர், ஃப்ரிட்ஜின் மேல் மனைவி எழுதி ஒட்டியிருந்த கடைச் சீட்டைப் பார்த்தார். சோப்பு, உப்பு, தீப்பெட்டி. வாங்கியதற்கெல்லாம் வட்டம். ஷெட்டில் மூன்றாவது வரிக்கு இருந்த அதே வட்டம். அவளிடம் எதுவும் சொல்லாமல், பழைய வண்டி தானாகப் பழுதாகிவிட்டது என்று எழுதி மூடிவிடலாம். ஆனால் ஸ்டேஷன் பெஞ்சில் இருக்கும் மெக்கானிக்கை, அவர் சாகும்வரை ஊர் கொலைகாரன் என்றுதான் சொல்லும்.

“இந்த வாரம் அவருக்கு உடம்பு எப்படி இருந்துச்சு?”

“ஞாயித்துக்கிழமை இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அன்னிக்குப் படுத்தே கிடந்தாரு.”

“லிஸ்ட்ல மூணாவது வேலையை முடிச்சது நீங்கதானேம்மா?”

அன்று முதல்முறையாக அவள் முகம் சற்றுத் தெளிந்தது. “ஆமா மேடம். அவருக்கு ஒரு வேலையாவது குறையட்டுமேன்னுதான். ‘ஆயில் ஊத்திட்டேன்’னு சொன்னேன். கையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு.”

“எந்த ஆயில்?”

“ஷெட்ல இருந்த கேன்...” அவள் ஷெட் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொன்னார். “பிரேக்ல ஊத்துறதை எல்லாரும் ஆயில்னுதான் சொல்றோம். ஆனா அது ஆயிலே இல்லம்மா. நிஜ ஆயில் அதுல கலந்தா உள்ள இருக்கிற ரப்பரெல்லாம் ஊதிப்போயிடும். நாலு நாள்ல பிரேக் செத்துடும்.” டேஷ்போர்டில் இருந்த டின்னைத்தான் அவள் ஊற்றினாள் என்று கணவர் நினைத்துக்கொண்டதையும், மெக்கானிக் ஒரு பாவமும் செய்யவில்லை என்பதையும் சொல்லி முடித்தார்.

அவள் கேட்டாள்: “ஒரு எழுத்து தப்பா இருந்தாக்கூட விடமாட்டாரே மேடம். ஆயில்னுதானே எழுதியிருந்தாரு?”

இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கை விடச் சொல்லி ஸ்டேஷனுக்குப் போன் செய்தார்.

மாலை 4.10. விடுவிக்கப்பட்ட மெக்கானிக் நேராக அந்த வீட்டுக்குத்தான் வந்தார். அவரைக் கண்டதும் அவள் எழுந்து மன்னிப்புக் கேட்டுக் கைகூப்பினாள்.

அவர் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார். “அதுக்குப் பேரு பிரேக் ஆயில்னு அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், தங்கச்சி,” என்றார். பிறகு அவரும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.