பதினேழாம் நாள் செத்த பம்ப்

டமார்!

காலை ஒன்பது பத்து. பாலாவிச் சந்தி வாகன உதிரிப்பாகக் கடையின் மேசை அதிர்ந்தது. மனுவேல் தூக்கிப் போட்ட தண்ணீர்ப் பம்ப், கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் ருஷ்தாவின் முன்னால் உருண்டு வந்து நின்றது.

மனுவேல் எத்தாளை ஊர் மீனவர். மீன் ஏற்றிய வேன் நடுவழியில் கொதித்து நின்றதாம். மீன் முழுக்கப் பழுது. பம்ப் பூட்டிப் பதினேழே நாள். பொருந்தாத பம்பை இவள் தன் தலையில் கட்டிவிட்டாள் என்று, பெருவிரல் நகத்தில் காய்ந்திருந்த பிசினைச் சுரண்டிக்கொண்டே பொரிந்து தள்ளினார். கூட வந்த மெக்கானிக் நஜாத், பூட்டியதில் பிழையில்லை என்று கையை விரித்தான்.

முதலாளி றஊப் திரும்பிப் பார்த்தார். "நீ மாறிக் குடுத்திருந்தா நாளைக்கி வரத் தேவல்ல."

அந்த எஞ்சினுக்கு இரண்டு வகைப் பம்ப் உண்டு. வெளியே இரட்டைப் பிள்ளைகள். உள்ளே தண்ணீரைத் தள்ளும் இலைகள் மட்டும் எதிரெதிராக வளைந்திருக்கும். மாறினால் எஞ்சின் கொதிக்கும். அன்று வேனிலிருந்து கழற்றிய பழைய பம்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் ருஷ்தா கொடுத்தாள். இப்போது அவளுக்கே சந்தேகம்.

பெல்ட் எந்தப் பக்கம் சுற்றும் என்று நஜாத்திடம் கேட்டுவிட்டுப் பம்பைப் புரட்டினாள். இலைகள் சரியாகவே வளைந்திருந்தன. பாதி உயிர் வந்தது.

அச்சைச் சுழற்றினாள். கரகரத்தது. பேரிங்குக்குள் தண்ணீர் போயிருக்கிறது.

"பூட்டின கிழமை தண்ணி ஒழுகினதா அண்ணன்?"

"ரெண்டு மூணு சொட்டு. பிறகு நிண்டுட்டு."

"தானா நிண்டதா?"

மனுவேல் மறுபடி நகத்தைச் சுரண்டத் தொடங்கினார்.

ஒன்பது இருபத்தைந்து. அலுமாரியிலிருந்து அதே இலக்கப் புதுப் பம்பை எடுத்து அருகில் வைத்தாள். புதியதன் அடியில் பென்சில் முனை நுழையுமளவு ஒரு துளை. செத்ததில் அந்த இடம் வழுவழுவென்றிருந்தது. கத்தியால் கீறினாள். பிசின் உதிர்ந்தது. வள்ளம் ஒட்டும் ஃபைபர் பிசின்.

தண்ணீரைத் தடுக்கும் ‘சீல்’ வளையத்தைத் தாண்டிக் கசிவது வெளியே போகத்தான் அந்தத் துளை என்றாள் ருஷ்தா. புதுப் பம்பில் இரண்டொரு சொட்டு கசிந்து தானாக நிற்கும். அடைத்தால் அந்தத் தண்ணீர் பேரிங்கைத் தின்னும்.

"பம்பைக் கொன்னது நானுமில்ல, நஜாத் நானாவுமில்ல. உங்கட நகத்தப் பாருங்க அண்ணன்."

நஜாத் நெடுமூச்சு விட்டான். நாளைக்கு நேரத்தோடு வரும்படி ருஷ்தாவிடம் சொல்லிவிட்டு, றஊப் எல்லாருக்கும் தேநீர் சொன்னார். மனுவேல் விரலை மடக்கிக்கொண்டு அசடு வழிந்தார்.

"முப்பது வருஷமா கடலுக்குப் போறவன், தங்கச்சி. ஓட்டையைக் கண்டுட்டு சும்மா இருக்க ஏலுமா?"