முதல் ஷிஃப்டுக்கான தண்ணீர்

வால்வை மூடிவிட்டுத்தான் போயிருந்தார். அதில் சந்தேகமே இல்லை. மீன்தொட்டிக்கு நல்ல தண்ணீர் பிரித்துக் கொடுக்கும் ஃபில்டரைச் சமையலறைச் சுவரில் மாட்டி அன்றோடு ஐந்து நாள். தினமும் சாயங்காலம் அதை ஓட்டித் தொட்டிக்கு வேண்டியதைப் பிடித்து வைப்பார். காலை ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்பும்போது வால்வு மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை திருகிப் பார்த்து, பிளக்கையும் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி ஃபில்டரின் தலையில் வைத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். இருந்தும் மதியம் வந்து பார்த்தால், கழிவுத் தண்ணீர் விழும் நீல வாளி விளிம்பு வரை நிறைந்திருந்தது. ஒயர் வைத்த இடத்தில் வைத்தபடியே சுருண்டு கிடந்தது.

"நீ ஃபில்டர் போட்டியா?" என்று கேட்டார்.

மனைவி ஹாலில் தொட்டிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "நான் எதுக்குப் போடப்போறேன்? அது உங்க டிபார்ட்மென்ட்டாச்சே," என்றாள், திரும்பாமலே.

அவர் டிபார்ட்மென்ட்தான். ஆஸ்பத்திரியில் அவரைத் தண்ணிக்காரர் என்பார்கள். கிட்னி வேலை செய்யாதவர்களுக்கு மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்களே, அந்த டயாலிசிஸ் பிரிவுக்கு வேண்டிய தண்ணீரை மாடியில் உள்ள பிளான்ட்டில் வடிகட்டிக் கீழே அனுப்புவது அவர் வேலை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் பட்டப்பெயரைக் கேட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்து மோந்து பார்ப்பார்கள். மனிதர் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அவள் அதே பிரிவில் நர்ஸ். சிஸ்டர் சிஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்கும் வாயில் அதுவே வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் மாமனார் மாமியார் எதிரிலேயே "சிஸ்டர், இன்னொரு டம்ளர் காபி கிடைக்குமா?" என்று கேட்டு மானம் போன கதை ஒன்று உண்டு. ரொம்ப நாள் அந்த வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

இரண்டு மாதமாக யாரும் சிரிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை முதல் ஷிஃப்டில், காலை ஆறு மணிக்குக் கையில் ஊசி குத்திக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் மூச்சுத் திணறியது. குழாயில் ஓடிய ரத்தம் கறுத்துக்கொண்டே வந்து திராட்சைச் சாறு நிறத்துக்கு மாறியது. பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிய வேண்டும். அதற்குள் மூன்று பேரும் முடிந்துபோனார்கள்.

தண்ணீரில் குளோரின் இருந்தால் அப்படி ஆகும். ஆனால் தண்ணீர் ரெஜிஸ்டரில் அன்றைய தேதிக்கு எதிரே 'குளோரின்: இல்லை' என்று தெளிவாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது. அப்படியானால் மெஷினில் மருந்தைத் தப்பாகக் கலந்தது யார் என்று விசாரணை திரும்பியது. திரும்பிய இடத்தில் சிஸ்டர் நின்றாள். உடனே சஸ்பெண்ட் செய்தார்கள். அறிக்கை அடுத்த வாரம் வரும், வந்தால் வேலை மட்டும் போகாது, ஜெயிலுக்கும் தயாராக இருங்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க ஏழு நாளுக்கும் 'இல்லை, இல்லை' என்று திங்கட்கிழமையே வரிசையாக எழுதி முடித்தவர் தண்ணிக்காரர். எழுதியது அவருக்கு மட்டும்தான் தெரியும். பெரிய அயோக்கியத்தனம் என்று நினைத்துச் செய்யவில்லை. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரு மாத்திரையைப் போட்டுக் குலுக்கி, குளோரினுக்கான ரோஸ் நிறம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கும் வேலை. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட வந்ததில்லை. வராததற்குத் தினமும் எதற்கு நிற்க வேண்டும்? காலை ஐந்தே முக்காலுக்குச் சிஸ்டர் மாடிப்படி அடியில் வந்து நின்று, "தண்ணி ஓகேவா?" என்று கேட்பாள். அவர் கையில் டீயோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "ஓகே" என்பார். அவள் போய் வால்வைத் திறப்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமையும் அதேதான். மழைக்குப் பிறகு நகரக் குழாயில் குளோரினை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். அதைப் பிடித்து வைக்கவேண்டிய கரித்தூள் எப்போதோ செத்துப்போயிருந்தது.

விசாரணைக்கு ஆள் வருவதற்குள் புதுக் கரி மாற்றிவிட்டார். பழையதைச் சாக்கில் கட்டி ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாக எங்கெங்கோ கொட்டினார். கடைசி இரண்டு கிலோ பரணில் கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் அவள் இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து ஒன்று கேட்டாள். "மீன் வளக்கலாமா?"

மலையைப் பெயர்த்துக் கொண்டுவா என்றாலும் போயிருப்பார். தட்டு போல வட்டமான மீன்களில் மூன்றை அவளே கைகாட்டினாள். போர் தண்ணியில் உப்பு ஜாஸ்தி, இந்த ஜாதிக்கு ஆகாது, ஃபில்டர் இல்லாமல் வாங்காதீங்க என்றார் மீன்கடைக்காரர். ஃபில்டருக்கு மூன்று குடுவை. முதலாவதில் மண் நிற்கும், மூன்றாவதில் உப்பு நிற்கும், நடுவில் இருப்பது கரி. மாட்டும்போது நடுக்குடுவையில் பரணில் கிடந்ததைக் கொட்டி மூடினார். சாக்கு காலியானது. வீட்டுக்கு வருவது போர் தண்ணீர், அதில் குளோரின் மருந்துக்கும் கிடையாது, செத்த கரி இருந்தாலென்ன போனாலென்ன. தண்ணீர் விஷயத்தில் தன் கணக்குத் தப்பாது என்ற திமிர் அந்த மனிதருக்கு அப்போதும் போகவில்லை.

வாளியைப் பார்த்துக்கொண்டு அவர் நின்றதும் கணக்குப் போட்டபடிதான். இருபது லிட்டர் வாளி. ஃபில்டர் மணிக்கு ஐந்து லிட்டர் கழிவு தள்ளும். அப்படியானால் நாலு மணி நேரம் ஓடியிருக்கிறது. ஒரு டயாலிசிஸுக்கு ஆகிற நேரம்.

சனியனே, எல்லா நாலும் அந்த நாலா என்று தன்னையே திட்டிக்கொண்டு வாளியைக் கொட்டினார்.

மறுநாளும் நிறைந்திருந்தது. தண்ணீரில் கையை விட்டால் வெதுவெதுவென்று உடம்புச் சூட்டில் இருந்தது. சமையலறையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் வாடை லேசாக அடித்தது, அதற்கு அடியில் இன்னொரு வாடை, தரை கழுவும் பிளீச்சிங் பவுடருடையது. வீட்டில் அவர்கள் அதை வாங்குவதே இல்லை. ஹாலுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜை நாற்காலிகளில் மூன்று தொட்டிக்கு முன்னால் வரிசையாகப் போட்டிருந்தது. ஓரத்தில் நாலாவதில் அவள். மீன்கள் மூன்றும் கண்ணாடியோடு ஒட்டி நின்று, ஆளுக்கொரு நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"யாராவது வந்தாங்களா?"

"ம்," என்றாள். "ஃபில்டருக்கு இந்த வெள்ளைக் குழாய் வேணாங்க. எது வர்றது எது போறதுன்னு தெரியல. சிவப்பும் நீலமும் வாங்கிட்டு வாங்க," என்றாள்.

வாங்கிக்கொண்டு வந்தார். ஏன், எவ்வளவு நீளம் என்றெல்லாம் கேட்கவில்லை. அவள் எதையாவது கேட்கிறாளே என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்குக் காலையில நீங்க டெஸ்ட் பண்ணீங்கல்ல?"

அவர் சோற்றைப் பிசைந்தார். இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் இவள் வெளியே, அவர் உள்ளே. "பண்ணேனே," என்றார்.

"அப்போ சரி," என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தபடி படுத்தார். அறுபது நாளாக அப்படி நினைத்துக்கொண்டுதான் படுக்கிறார்.

ஏழாம் நாள் அவருக்கு லீவு. இருந்தும் ஐந்தரைக்கு மேல் தூக்கம் வரவில்லை. ஜன்னலில் இன்னும் வெளிச்சம் பிடிக்கவில்லை, பக்கத்தில் படுக்கை காலி, தலையணையில் அவள் தலை வைத்த பள்ளம் மட்டும் ஆறிப்போய்க் கிடந்தது. வீடு முழுக்க ஒரு ஒலி. ஃப்ரிட்ஜாக இருக்கும் என்று முதலில் நினைத்தார். பிறகு அந்த ஒலி அடையாளம் தெரிந்தது. பதினோரு வருஷமாகக் காலையில் அவர் காதில் விழுகிற அந்த உறுமல், மாடியிலிருந்து கீழே தண்ணீரைத் தள்ளுகிற பெரிய மோட்டாரின் உறுமல். அவர் சுவரில் மாட்டிய பம்ப்போ உள்ளங்கை அளவுதான்.

சமையலறை விளக்கைப் போட்டார். வால்வு மூடியிருந்தது. ஒயர் ஃபில்டரின் தலையில் சுருண்டிருந்தது. பம்ப்பைத் தொட்டார். அதிர்ந்தது. பிளீச்சிங் வாடை கண்ணைக் கரித்தது. ஃபில்டரிலிருந்து சிவப்புக் குழாயும் நீலக் குழாயும் சுவரோரமாகவே போய், கதவைத் தாண்டி, ஹாலின் இருட்டுக்குள் நுழைந்தன. நேற்றுவரை அவை அங்கே இல்லை.

ஆஸ்பத்திரிப் பையில் சோதனைக் குழாயும் மாத்திரையும் எப்போதும் கிடக்கும். எடுத்தார். ஃபில்டரின் வாயில் தண்ணீர் பிடித்தார். போர் தண்ணீர். குளோரின் இருக்க வழியே இல்லை. மாத்திரையைப் போட்டுக் குலுக்கினார்.

ரோஸ்.

குலுக்குவதை நிறுத்தினார். நிறம் நிற்கவில்லை. ரோஸ் சிவப்பானது. சிவப்பு கறுத்தது. திராட்சைச் சாறு.

ஹாலிலிருந்து குரல் வந்தது. தெளிவான, சுறுசுறுப்பான, இரண்டு மாதமாக அவர் கேட்காத வேலைநேரக் குரல்.

"தண்ணி ஓகேவா?"

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தே முக்கால்.

இல்லை என்று ஒரு வார்த்தை. சொன்னால் உடனே அடுத்த கேள்வி வரும். அன்னைக்கு? என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். குழாய் கையில் சூடாக இருந்தது. வாய் திறந்தது. பதினோரு வருஷம் பழகிய வாய்.

"ஓகே," என்றார்.

உறுமல் ஒரு கட்டை ஏறியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குழாயை விட்டெறிந்துவிட்டு ஹாலுக்கு ஓடினார்.

தொட்டி விளக்கு மட்டும் எரிந்தது. மீன்கள் மூன்றும் வயிறு மேலாக மிதந்தன. மூன்று நாற்காலியும் ஈரம். உட்காரும் இடம் அமுங்கியிருந்தது. தொட்டியிலிருந்து கிளம்பிய சிவப்பும் நீலமும் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு ஜோடியாகப் பிரிந்து, கை வைக்கும் கட்டைக்கு மேலே, ஒரு முழங்கை இருக்கவேண்டிய உயரத்தில், காற்றில் நின்றன. நுனி திறந்திருந்தது. ஒரு சொட்டும் கீழே விழவில்லை. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

நாலாவது நாற்காலியில் சிஸ்டர். நைட்டியின் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருந்தாள். ஊசியைத் தானே குத்தி, நாலாவது ஜோடிக் குழாயை அதில் மாட்டி, பிளாஸ்திரியை நேராக, அழகாக ஒட்டியிருந்தாள். அவள் வேலை எப்போதும் சுத்தம்.

"உங்க வார்த்தைய நம்பித்தான் வால்வைத் திறந்தேன்," என்றாள். கோபமே இல்லை.

"எடுத்துடு. சிஸ்டர், எடுத்துடு. நான் டெஸ்ட் பண்ணல, அன்னைக்கும் பண்ணல, நான்தான்..."

பாய்ந்தார். முதல் நாற்காலியைத் தாண்ட முடியவில்லை. ஈரமான விரல்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்தன. நாற்காலியில் யாரும் இல்லை. படுத்திருக்கும் நோயாளி நர்ஸின் கையைப் பிடித்துக்கொள்வதுபோல, அழுத்தமில்லாமல், விடாமல். உதறினார். இரண்டாவது கை. மூன்றாவது.

நிறுத்த வேண்டும். எதை நிறுத்துவது? வால்வு ஏற்கெனவே மூடியிருக்கிறது. பிளக் ஏற்கெனவே பிடுங்கியிருக்கிறது. இந்த வீட்டில் அணைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை.

அவள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். சிவப்புக் குழாயில் ரத்தம் கிளம்பித் தொட்டிக்குப் போனது. நீலக் குழாயில் திரும்பி வந்தது. வருகிறபோது கறுத்து வந்தது. அந்தக் கறுப்பு முழங்கையைத் தொட ஒரு சாண் இருந்தது. பிறகு நாலு விரல். பிறகு இல்லை.

கடிகாரம் ஆறு அடித்தது. முடிய இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.