துண்டுக்கள்ளன் வீடு

வீட்டுப் பேரை நம்மைக் கேட்டு யாரும் வைப்பதில்லை. ஊர்க்காரன் வைத்துவிட்டுப் போய்விடுவான். தென்காசியில் அனுசியா குடும்பத்துக்கு வைத்த பேர், துண்டுக்கள்ளன் வீடு.

"உங்க வீட்டுப் பேரு எப்படி வந்துச்சு? நாளைக்கு எல்லாரும் சொல்லணும்" என்றார் எபனேசர் சார். வாத்தியார்களும் சில வேலையை யோசிக்காமல்தான் கொடுக்கிறார்கள்.

அன்று ராத்திரி அனுசியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அப்பா, நமக்கு ஏம்ப்பா இந்தப் பேரு?"

"எங்க தாத்தா குற்றாலத்துல ஒருத்தர் துண்டைத் திருடினாரு. வச்சுட்டாங்க."

"எதுக்குத் திருடினாரு?"

"குளிருச்சாம். டீக்கடையில போயி மாட்டிக்கிட்டாரு."

இதை எப்படி வகுப்பில் சொல்வது? அவள் ஒரு பொய் தயார் செய்தாள். அருவியில் வெள்ளம் வந்ததாம். குளித்தவர்களை வெளியே வரவைக்கத்தான் அப்பாவின் தாத்தா, அவளுக்குப் பூட்டன், துண்டோடு ஓடினாராம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் இசக்கிராஜா முதலில் எழுந்தான். அவனுடையது பட்டாளத்தார் வீடு. எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்து உச்சிமாகாளி எழுந்தான்.

"எச்சிலை வீடு சார்" என்று முந்திக்கொண்டான் இசக்கிராஜா. வகுப்பே சிரித்தது.

உச்சிமாகாளி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். கண் நிறைந்துவிட்டது. அனுசியாவால் பார்க்க முடியவில்லை. இப்போது போய் வெள்ளக் கதையைச் சொன்னால், அவன் மட்டும் தனியாக நிற்பான்.

அவள் எழுந்தாள். காது சுட்டது.

"சார், நான் சொல்லுதேன். எங்க வீடு துண்டுக்கள்ளன் வீடு. எங்க பூட்டன் நெசமாவே திருடினாரு."

சிரிப்பு நின்றது.

"திருடின துண்டைத் தலையில கட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போனாரு. துண்டைப் பறிகொடுத்தவருக்குப் பக்கத்துலயே போய் உக்காந்து, அவருகிட்டயே 'அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி இருங்க'ன்னாரு."

சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பொறவு?" என்றான் உச்சிமாகாளி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பொறவு என்ன, துண்டும் போச்சு, டீயும் போச்சு. இப்ப நீ சொல்லு."

அவன் மெல்லச் சொன்னான். "கல்யாண வீட்டுல சாப்பிட்ட இலையெல்லாம் எங்க பூட்டன் அள்ளிட்டு வந்து மாட்டுக்குப் போடுவாரு. அந்த மாட்டுப் பாலைத்தான் தெருவே வாங்கிக் குடிச்சுது."

இசக்கிராஜா நிமிர்ந்தான். "எங்க வீட்டுலயுமாலே?"

"உங்க வீட்டுலதாம்லே கூடுதல்" என்றான் உச்சிமாகாளி.