இரண்டாவது கோடு

திரையில் முதல் கோடு ஏறி இறங்கியது. இரண்டாவது கோடு படுத்தே கிடந்தது.

செந்தாமரை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்னிலம் கடைத்தெருவில் இந்த பிளக்ஸ் கடையை நடத்திய அவள் கணவன் மதிவாணன் ஆற்றில் மூழ்கி நாற்பது நாள். அழுகை வரவில்லை. பசியும் இல்லை. கோடுகள் காட்டியபடி, கம்ப்யூட்டரின் இரண்டு புராசஸரில் ஒன்றுதான் உழைக்கிறது என்பதும் அவளை உறுத்தவில்லை. வேலை தேங்குகிறது, அவ்வளவுதான்.

மெக்கானிக் ஜாஃபர் சாதிக் போனில் சொன்னார்: “சும்மா இருந்தா ரெண்டாவது எந்திரிக்காதுக்கா. பெரிய பைலா ஒண்ணு ஓட்டுங்க. ரெண்டு கோடும் ஏறுதான்னு பாருங்க.”

இருந்ததிலேயே பெரிய பைல் மதிவாணனின் கண்ணீர் அஞ்சலி, இருபதடி. அதில் படத்தை மாற்றினால்தான் கம்ப்யூட்டருக்கு முழு வேலை. பழைய அஞ்சலியில் புதுப்படத்தை மாற்றி வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். உயிரோடு இருப்பவர் படத்தை மட்டும் சோதனைக்குக்கூட வைக்காதே என்பான் அவன். கைக்கு அகப்பட்டது மகள் கவிப்ரியாவின் பள்ளிக்கூடப் படம். மரத்துப்போன மனது எதையும் யோசிக்கவில்லை. மதிவாணன் படம் இருந்த இடத்தில் அதை வைத்தாள்.

இரண்டாவது கோடு எழுந்தது. நூறு.

“ஏறிடுச்சுங்க,” என்று போனை வைத்துவிட்டு, சேமிக்காமல் பைலை மூடினாள். முதல் கோடு இறங்கியது. இரண்டாவது இறங்கவில்லை. பெட்டிக்குள் விசிறி இரைய இரைய, சூடான தூசி நாற்றத்தோடு ஆற்றுச் சேற்றின் வாடையும் கலந்து வந்தது. அவனைக் கரையில் கிடத்தியபோது வந்த அதே வாடை. அன்று அவன் கையில் வாட்ச் இல்லை, ஆற்றோடு போயிருந்தது.

மணி நான்கு தாண்டிவிட்டது. கவிப்ரியாவின் பள்ளி வேன் ஆற்றுப் பாலத்துக்கு வரும் நேரம்.

நாற்பது நாளில் முதல் முறையாகப் பயந்தாள்.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது. இரைச்சல் நிற்கவில்லை. பின்னால் பிரிண்டர் ஓடத் தொடங்கியது.

வேன் டிரைவருக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பிளக்ஸ் வெளியே வந்தது. கண்ணீர் அஞ்சலி. மறைவு: இன்றைய தேதி.

இரட்டைச் சடை. நெற்றி.

அவள் வைத்த படத்தில் மகள் சிரித்தாள். இதில் கண் மூடியிருந்தது. ஈர முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. சீருடை முழுக்கச் சேறு.

யாரும் எடுக்காத படம்.

தோளை ஒரு கை அணைத்திருந்தது. அதில் மதிவாணனின் வாட்ச்.

நாலு பத்து.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பத்து. காதில் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.