நா மீண்ட தூதுவன்

வாசகர்களே, கொள்ளிடத்தின் வடகரையில் அந்தி மயங்கி, பௌர்ணமி நிலவு நாணற் புதர்களுக்குப் பின்னாலிருந்து மெல்ல எழுந்து, ஆற்று நீரெங்கும் வெள்ளியை உருக்கி வார்த்துக்கொண்டிருந்த வேளையிலே, அங்கிருந்த பாசறைக்குள் நாமும் நுழைவோம். மருத்துவக் கூடாரத்தின் வாயிலில் விளக்கேந்தி நின்ற வைத்தியப் பெண் உமையாழ்விக்கு அந்த அழகில் எதுவும் கண்ணில் படவில்லை.

மூன்று மாத முற்றுகையில், மழையிலும் அரைவயிற்றுக் கஞ்சியிலும் கிடந்த வீரர்களின் வாய்களில், ஈரச்சுவரில் பூஞ்சணம் பூப்பதுபோல் வெண்படலம் படர்ந்திருந்தது. அக்கரம் என்பார்கள் அந்நோயை. மன்னரின் தம்பியும் தூதுவனுமான இளங்காரியையும் அது விடவில்லை. நா வெந்து பேச்சே அடங்கிவிட்டது. பௌர்ணமிக்கு மறுநாள் எதிர்க்கரை மன்னரின் சபையில் அவன் தன் வாயாலேயே சமாதான உறுதிமொழி கூறியாக வேண்டும், இல்லையேல் போர்.

எந்த மருந்து கேட்கும் என்பதில் சுவடிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஆகவே உமையாழ்வி நோயாளிகளைப் பிரித்து, சிலரைக் கடுக்காய் நீராலும், சிலரை வேலம்பட்டைக் கஷாயத்தாலும், சிலரை மாசிக்காய்க் கஷாயத்தாலும் நாள்தோறும் மும்முறை வாய் கொப்பளிக்கச் செய்தாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு சிலருக்கு வெறும் வெந்நீர். சோதித்தறியாத மருந்தை இளங்காரியின் நாவில் இட அவள் மனம் துணியவில்லை; அவனுக்கும் வெந்நீரே கொடுத்தாள். ஐந்தாம் நாள் மாசிக்காய் பெற்றவர்களுக்கு மட்டும் வெண்மை விலகி நா சிவந்தது. அன்றே அவனுக்கும் அதைத் தொடங்கினாள். இன்றோடு மேலும் ஐந்து நாட்கள்.

"நாவை நீட்டுங்கள், ஐயா."

நீட்டினான். படலத்தின் சுவடே இல்லை.

"உமையாழ்வி!" என்றான். பத்து நாட்களாக அவள் ஏங்கிக் கிடந்த குரல்!

"பேசிவிட்டீர்கள்!"

"ஊமையாகவே இருந்திருக்கலாம். நாளை நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அறிவாயா?"

"அறிவேன். சமாதானத்துக்குப் பிணையாக எதிர்க்கரை மன்னரின் தங்கையை மணந்து, ஆயுள் முழுதும் அங்கேயே தங்குவதாகச் சொல்வீர்கள்."

"தெரிந்துமா குணப்படுத்தினாய்?"

"உள்ளே கிடப்பவர்களைப் பாருங்கள். போர் மூண்டால் இவர்களில் எத்தனை பேர் வீடு திரும்புவார்கள்?"

அவன் ஓரடி முன்வந்தான். "அப்படியானால் இப்போதே உனக்கு ஒரு வாக்கு..."

"வேண்டாம்!" என்று கையுயர்த்தித் தடுத்தாள். "நாளை ஒரு பெண்ணுக்கு வாக்களிக்கப்போகும் வாய் இது. அந்த வாக்கு பொய்யாகக் கூடாது. ஆனால் என் நாவுக்கு அத்தடை இல்லை. ஓடும் இந்தக் காவிரிநீர் சாட்சியாகச் சொல்கிறேன்: இப்பிறவியில் வேறொருவருக்கு நான் மாலை சூட்டேன்."

எதிர்க்கரைக்குச் செல்லத் துறையில் காத்திருந்த படகோட்டி அழைத்தான்; இளங்காரி திரும்பிப் பாராமல் இறங்கிச் சென்றான்.

மறுநாள் நண்பகலில் எதிர்க்கரையில் சமாதானச் சங்கு முழங்கியது. ஆர்ப்பரித்த வீரர்களுக்கு நடுவே உமையாழ்வியும் கைகூப்பினாள். மூடிய கண்களை மட்டும் வெகுநேரம் திறக்கவில்லை.