அருளம்பலத்துக்கு ஒரு கோப்பி

கோப்பி உப்புக் கரித்தது.

இராசமலர் வாயிலிருந்ததைத் துப்பினாள். ஒரு தடவைக்கு ஒரு கோப்பை மட்டும் ஊற்றும் அந்த வெளிநாட்டு மெசின், துறைமுகத்தை ஒட்டிய நிவாரண அலுவலகத்தில் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. இன்று மத்தியானம் தொடக்கம் அது தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல் களக், களக் என்று இழுத்து, நின்று, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது.

மற்றவர்கள் போய்விட்டார்கள். ஊரடங்குக்கு முன் அவளை ஏற்றிப்போக வாகனம் வரவேண்டும். சும்மா இருந்தால் மனம் அருளம்பலத்திடம் போகும் என்றுதான் மெசினைத் திருத்த இறங்கினாள்.

அருளம்பலம் களஞ்சியப் பொறுப்பாளர். கோதுமை மா மூட்டைகளோடு மூதூருக்குப் படகில் போனவர். அன்று கடலில் ஷெல் குண்டு விழுந்தது. படகும் இல்லை, ஆளும் இல்லை. "உடம்பைக் காணாமல் ஒரு சடங்கும் செய்யமாட்டன், அவர் வருவார்" என்று அன்புவழிபுரத்தில் அவர் மனைவி கமலாதேவி ஒற்றைக்காலில் நின்றாள். இராசமலருக்குத்தான் மனம் கேட்கவில்லை. எட்டாம் நாள் விருப்பமானதைப் படைக்காவிட்டால் செத்தவர் வாய் வறண்டு அலைவார் என்பார்கள். இன்று எட்டாம் நாள். மத்தியானம் யாருக்கும் சொல்லாமல் அவருடைய நீலக் கோப்பையில் கோப்பி பிடித்து, அவர் மேசையில் வைத்து, பேர் சொல்லி அழைத்துக் கும்பிட்டாள். ஆள் உயிரோடிருந்தால் என்ற நினைப்பு பிறகுதான் வந்தது.

மெசினின் சிறு துவாரத்தைக் குண்டூசியால் குத்திப் பார்த்தாள், அடைப்பில்லை. வினாகிரி விட்டு ஓடவிட்டாள். பவுசர் லொறியில் வந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள், நல்ல தண்ணீர். உள்ளே போய் வெளியே வரும்போது மட்டும் அது பாசியும் டீசலும் மணத்தது. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே ஏசிக்கொண்டு பிளக்கைக் கழற்றினாள்.

களக்.

வயர் அவள் கையில் இருந்தது.

களக். களக்.

படைத்ததைக் கொட்டிவிட, குசினியிலிருந்து அருளம்பலத்தின் மேசைக்கு ஓடினாள். நீலக் கோப்பை காலி. அடியில் ஈர மணல்.

கைத்தொலைபேசி அடித்தது.

"மலர், நான் கமலாக்கா!" அழுகையும் சிரிப்புமாய் ஒரு குரல். "அவர் வந்திட்டார் பிள்ளை! படலைக்கு வெளியில நிக்கிறார். முழுக்க நனைஞ்சுபோய்."

"கதைக்கிறாரா அக்கா?"

"இல்லை. கையை வாய்க்குக் கொண்டுபோறார், குடிக்கக் கேக்கிற மாதிரி. படலை திறந்துதான் கிடக்கு, உள்ள வாறாரில்லை. கூப்பிட வேணும் போல."

"கூப்பிடாதேங்கோ! அக்கா, நான்தான் பிழை விட்டிட்டன். நான்தான் படைச்சனான்..."

"என்ன விசர்க் கதை! என்ர மனுசனை நான் கூப்பிடாமல்? வாங்கோப்பா, உள்ள வாங்கோ."

குசினியில் மெசின் நின்றது.

சத்தம் நிற்கவில்லை. இப்போது அது தொலைபேசிக்குள் கேட்டது. களக். இன்னும் கிட்ட. களக்.

"கோப்பி போட்டுத் தரட்டே?" என்று கமலாதேவி ஆசையோடு கேட்டாள்.

தொலைபேசிக்குள் அந்தத் தொண்டையின் அடைப்பு விட்டது. தண்ணீர் கொட்டத் தொடங்கியது. கொட்டிக்கொண்டேயிருந்தது.