காளையின் காலடியில் சிவப்பு

சனிக்கிழமை காலையிலேயே கிறிஸ்தோப்பர் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள லொங்குய்யிலிருந்து மெட்ரோ பிடித்து டவுன்டவுனுக்கு வந்துவிட்டார். பழைய நாணயங்களுக்குத் தரம் பார்த்துச் சொல்லும் தாட்சாயினியின் அறைக்குள், சப்பாத்திலிருந்த பனியைக்கூடத் தட்டாமல் நுழைந்து, ஒரு செப்புக்காசையும் ஒரு படத்தையும் மேசையில் வைத்தார்.

விஷயம் இதுதான். யாழ்ப்பாண அரசர் காலத்து, ஒருபக்கம் காளையும் மறுபக்கம் அரசனும் பொறித்த சேதுக் காசு ஒன்று அவரிடம் இருந்தது. அதே வகைக் காசு அவருடைய நண்பர் இரவிச்சந்திரனிடமும் இருந்தது. போன கிழமை நாணயச் சங்கக் கூட்டத்தில் இரண்டையும் எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். சிறந்த காசுக்கான முதற்பரிசு இரவிச்சந்திரனுக்கு. வீட்டுக்கு வந்து பார்த்தால், தன் காசுக்குப் பதில் தேய்ந்த காசொன்று கிடக்கிறதாம். படத்தில் காளையின் திமிலும் கண்ணும் அத்தனை துல்லியம். கையிலிருந்த காசில் திமிலே இல்லை.

“அவன் மாத்திப்போட்டான். நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தந்தால் காணும். நாளைக்கே அவனைச் சங்கத்தாலை கலைச்சுப்போடுவன்.”

படம் எப்போது எடுத்தது என்று தாட்சாயினி கேட்டார். கோடையில், இலண்டனில் ஒரு வெள்ளைக்காரரின் சேகரிப்பிலிருந்து காசு வந்த அன்றே, தன் வீட்டில் எடுத்ததாம். சங்கக் கூட்டம் வரை வேறொருவர் கையும் அதில் படவில்லை என்று அந்தோனியார்மேல் சத்தியம் செய்தார் கிறிஸ்தோப்பர்.

கூட வேலைசெய்யும் ஷெரோனுக்கு இவ்வளவே போதும். அவள் மனத்துக்குள் இரவிச்சந்திரனுக்குத் தண்டனையே கொடுத்துவிட்டாள். படத்தில் காளையின் காலடியில் இருந்த சிவப்புப் புள்ளியைக் காட்டி, துருப்போல இருக்கிறது என்றாள். தாட்சாயினி இரவிச்சந்திரனைத் தொலைபேசியில் அழைத்து, காசோடு வரச் சொன்னார்.

அவர் வந்ததும் இரண்டு காசுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நெடுநேரம் பூதக்கண்ணாடியால் பார்த்தார் தாட்சாயினி. பிறகு கிறிஸ்தோப்பரிடம் சொன்னார்.

“அண்ணை, உங்கடை காசு தேய்ஞ்சதில்லை. தேய்ஞ்சால் மேடான இடம் வழுவழுத்துப் போகும். இதிலை திமில் இருக்கவேண்டிய இடத்திலையும் அச்சடிக்கமுந்தின செப்புத் தகட்டின்ரை சொரசொரப்பு அப்பிடியே கிடக்கு. பின்பக்கம் திருப்பினால், அதே இடத்திலை அரசன்ரை தலையும் தட்டை. சம்மட்டி அடி அங்கை சரியா விழேல்லை. அச்சடிச்ச நாளிலையே இது இப்பிடித்தான்.”

அப்படியானால் படத்தில் இருப்பது எந்தக் காசு என்று ஷெரோன் கேட்டாள்.

“நீ துரு எண்டாய். செம்பிலை ஏறுறது களிம்பு, அது பச்சை. இது குங்குமம்.” தாட்சாயினி இரவிச்சந்திரன் பக்கம் திரும்பினார். “சரஸ்வதி பூசைக்கு என்ன வைச்சனீங்கள்?”

பிள்ளைகளின் புத்தகங்களோடு இந்தக் காசையும் வைத்துப் பொட்டு வைத்ததாக இரவிச்சந்திரன் சொன்னார். அன்று கிறிஸ்தோப்பர் அண்ணையும் வந்து அவல் சாப்பிட்டு, ஆசையாக அதைப் படம் பிடித்துக்கொண்டு போனாராம். பரிசுக்குக் கொண்டுபோகுமுன்தான் பொட்டைக் கழுவினாராம்.

ஷெரோனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

“சைவ வீட்டிலை வளந்திருந்தால் அந்தச் சிவப்பு உங்களுக்கு உடனை தெரிஞ்சிருக்கும், அண்ணை,” என்றார் தாட்சாயினி. “பூசைப் பொட்டை நீங்கள் ஊத்தை எண்டு விட்டிட்டியள்.”

கிறிஸ்தோப்பர் மறுக்கவில்லை. காசு மாறியதாகச் சொன்னது பொய், பொறாமைதான் என்று அவரே ஒத்துக்கொண்டார். பத்து வருடம் தேடி, லீவு எடுத்து, ஏலம் ஏலமாகக் காத்திருந்து வாங்கிய காசு அவருடையது. இரவிச்சந்திரன் போகிறபோக்கில் ஒன்றை வாங்கினார், அதில் திமில் இருந்தது. எல்லாரும் அதைச் சுற்றி நின்ற காட்சி அவருக்கு ஒரு கிழமையாகக் கண்ணை விட்டுப் போகவில்லை.

இரவிச்சந்திரன் தன் காசை எடுக்கவில்லை. அதை மெல்ல மேசையின் மறுபக்கம் தள்ளினார்.

“கேட்டிருந்தால் மாத்தித் தந்திருப்பனே, அண்ணை.”

கிறிஸ்தோப்பர் அதைத் தொடவில்லை.

“தந்திருப்பாய் எண்டு எனக்குத் தெரியும். அதுதான்ரா எனக்குப் பொறுக்கேல்லை,” என்றார்.